தீயணைப்பு வண்டியின் எழுத்துக்கள்: அழகும் ஆயுளும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

முன்னுரை

சிவப்பு வண்டி ஒன்று அபாய ஒலி எழுப்பிக்கொண்டு வரும்போது சாலையில் செல்வோர் அனைவரும் ஒதுங்கி வழி விடுகின்றனர். அது யாருடைய வண்டி, எதற்காக விரைகிறது என்று எவரும் கேட்பதில்லை. அதன் நிறமும், அதன் உடலில் எழுதப்பட்ட எழுத்தும் அந்த விடையை முன்னரே சொல்லிவிடுகின்றன. எங்கள் காரைக்காலில் மாங்கனித் திருவிழாவின்போதும், திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சியின்போதும், பெருங்கூட்டத்தின் ஓரத்தில் தீயணைப்பு வண்டி காவலுக்கு நிற்பதைக் காணலாம். தந்தையின் தோளில் அமர்ந்திருக்கும் குழந்தை அதன் எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கும். எழுத்தறிவு பெறாத முதியவரும் அந்தச் சொல்லின் வடிவத்தை அறிவார்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாள் தீத்தொண்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1944ஆம் ஆண்டு அதே நாளில் பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்னும் கப்பல் வெடித்துச் சிதறியது. பருத்தியும் வெடிபொருள்களும் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்த அக்கப்பலில் பற்றிய தீயை அணைக்கச் சென்ற வீரர்களுள் 66 பேர் உயிர் நீத்தனர். அவர்களின் நினைவாகவே இந்நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. இத்தகைய தியாகத்தைச் சுமந்து வரும் வண்டியின் மேல் உள்ள பெயர் மங்கியும் உதிர்ந்தும் கிடப்பது அழகன்று. அவ்வெழுத்துக்கள் எவ்வாறு எழுதப்படுகின்றன, எதனால் அழிகின்றன, எவ்வாறு காக்கப்படலாம் என்பவற்றை வேதியியல் மாணவன் என்ற முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொன்னால் எழுதிய வண்டிகள்

தீயணைப்பு வண்டியை அழகுசெய்யும் வழக்கம் அமெரிக்காவில் மிகவும் வளர்ந்தது. அங்கே பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1736ஆம் ஆண்டிலேயே தீயணைப்புத் தொண்டர் சங்கம் ஒன்றை நிறுவினார். பின்னர் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இத்தகைய சங்கங்கள் தோன்றின. தங்கள் வண்டியே மற்றவர் வண்டியினும் எழிலுடையதாக இருக்க வேண்டும் என்று அவை போட்டியிட்டன. ஜான் உட்சைடு போன்ற தேர்ந்த ஓவியர்கள் வண்டிப் பலகைகளில் ஓவியம் தீட்டினர். எழுத்துக்களோ தங்க ரேக்கினால் அமைந்தன. அவ்வழக்கம் அந்நாட்டில் இன்றும் மறையவில்லை.

தங்க ரேக்கு நமக்குப் புதியதன்று. அருகிலுள்ள தஞ்சாவூரின் ஓவியங்களில் கண்ணனின் அணிகலன்கள் மின்னுவது இந்த ரேக்கினால்தான். தங்கத்தை அடித்து அடித்து ஒரு மைக்ரானில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குக் கொண்டு வருகின்றனர். தலைமுடி ஒன்றின் கனத்தை 70 மைக்ரான் எனக் கொண்டால், 700 ரேக்குகளை அடுக்கினால்தான் அந்த முடியின் கனம் வரும். தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். ஆகவே ஒரு கிராம் தங்கத்தைக் கொண்டு அரைச் சதுர மீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பை மூடலாம். வண்டியின் பக்கவாட்டில் உள்ள ஒரு சொல்லின் கோடுகள் மொத்தம் 500 சதுர சென்டிமீட்டர் பரப்புடையவை என்றால், அதில் ஒட்டி நிற்கும் தங்கம் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான்! எழுத்தின் பெருமதிப்பு பொன்னின் எடையில் இல்லை. கையின் உழைப்பில்தான் இருக்கிறது.

முதலில் ‘சைஸ்’ எனப்படும் ஆளிவிதை எண்ணெய்ப் பசையால் எழுத்தை எழுதுகின்றனர். அது பாதி உலர்ந்து, விரல் முட்டியால் தொட்டால் இலேசாகப் பிடித்து விடும் பதத்தில் ரேக்கை ஒட்டுகின்றனர். பதம் தப்பினால் பயனில்லை. மிகுதியாக ஈரமிருந்தால் தங்கம் மூழ்கி ஒளி குன்றும். மிகுதியாக உலர்ந்தால் ஒட்டாது. பின்னர் வெல்வெட்டுத் துணியைச் சுழற்றி அதன்மேல் வட்ட வட்டமாகப் பளபளப்பு ஏற்றுவதும் உண்டு. இறுதியில் கறுப்பு வண்ணத்தால் கரை கட்டி, ஒரு புறம் நிழல் தீட்டி, மேலே நிறமற்ற வார்னிஷ் பூசுகின்றனர்.

இங்கே ஒரு விந்தையைக் காணலாம். தங்கம் துருப்பிடிப்பதில்லை, வெயிலுக்கு வெளுப்பதில்லை. ஆயினும் தங்க எழுத்து அழிகிறது. ஏனெனில் அதன் மேலுள்ள வார்னிஷும் கீழுள்ள எண்ணெய்ப் பசையும் அழியும் பொருள்களே. கட்டடங்களின் மேல் உள்ள தங்க எழுத்துக்குப் பல கலைஞர்கள் வார்னிஷ் பூசுவதே இல்லை. வெறும் தங்கமே நெடுநாள் நிற்கும் என்பது அவர்களது அனுபவம். ஆனால் வண்டியை அடிக்கடி கழுவித் துடைக்க வேண்டியிருப்பதால் மெல்லிய ரேக்குக்கு ஒரு கவசம் தேவைப்படுகிறது. அக்கவசம் வெடித்தால் நீர் உள்ளே புகும்; பிறகு தங்கம் இருந்தும் பயனில்லை. ஆகவே ஓர் எழுத்தின் ஆயுள், அதன் அடுக்குகளுள் மிகவும் மெலிந்த அடுக்கின் ஆயுளேயாகும். இவ்வுண்மை தங்கத்துக்கு மட்டுமன்றி எல்லா வண்ணத்துக்கும் பொருந்தும்.

பொன்னுக்குப் பதிலாகப் பித்தளைத் தூள் கலந்த ‘தங்கப் பெயிண்ட்’ பூசுவோர் உண்டு. செம்பும் துத்தநாகமும் கலந்த அத்தூள் கடற்காற்றில் விரைவில் பழுப்பாகவும் பச்சையாகவும் மாறிவிடும். எங்களூர் போன்ற கடலோர ஊர்களுக்கு அது ஏற்றதன்று.

சிவப்பின் மேல் மஞ்சளும் வெள்ளையும்

நம் நாட்டில் சிவப்பு வண்டியின் மேல் மஞ்சள் அல்லது வெள்ளை எனாமல் எழுத்தே பெரும்பாலும் காணப்படுகிறது. இந்தியத் தர அமைப்பின் ஐ.எஸ். 5 என்னும் வண்ணப் பட்டியலில் 536ஆம் எண்ணுடைய நிறத்தின் பெயரே ‘தீச் சிவப்பு’ என்பதாகும். பகலில் இச்சிவப்பு கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்தி மயங்கும் நேரத்தில் இது கறுப்பாகத் தோன்றுவதை யாரும் கவனிக்கலாம். மங்கிய ஒளியில் நம் கண்ணின் கூம்பு செல்கள் ஓய்ந்து, கோல் செல்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. கூம்பு செல்களின் பார்வை 555 நானோமீட்டர் அலைநீளத்தில் மிகக் கூர்மையாக உள்ளது. கோல் செல்களுக்கோ அது 507 நானோமீட்டர். அவை சிவப்பொளியை ஏறக்குறைய உணர்வதே இல்லை. இதனைப் புர்க்கின்யே என்னும் அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டு சொன்னார். ஆகவே மாலை வேளையில் வண்டியின் உடல் இருளில் கரைந்துவிட, எஞ்சி நின்று அதனை அடையாளம் காட்டுவது மஞ்சள் அல்லது வெள்ளை எழுத்தே. வண்டியில் எழுத்து அலங்காரம் மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும்.

‘தீயணைப்பு நிலையம்’ என்ற சொற்றொடருக்குள் தமிழ் எழுத்தின் வரலாறும் அடங்கியிருக்கிறது. 1978ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் 13 எழுத்துக்களின் வடிவம் மாறியது. அவற்றுள் ணை, லை இரண்டும் இச்சொற்றொடரில் உள்ளன. அதற்கு முன் இவ்வெழுத்துக்களுக்கு யானைத் துதிக்கை போன்ற ஒரு கொம்பு இருந்தது. அக்கொம்பைத் தூரிகையால் ஒரே வீச்சில் வளைத்து எழுதுவது முதிய கலைஞர்களுக்குப் பெருமையான வேலையாக இருந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

எழுத்துக்கு அடியில் இருப்பவை

என் தாய்மாமன் தலத்தெருவில் லாரிகளுக்கும் படகுகளுக்கும் கடைப் பலகைகளுக்கும் எழுத்து எழுதுபவர். பிளஸ் டூ முடித்த விடுமுறையில் அவருக்குத் துணையாகச் சென்றேன். தண்ணீர் லாரி ஒன்றில் ‘குடிநீர்’ என்று எழுதும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். பழைய எனாமலின் மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லிவிட்டு வேறொரு வேலைக்குச் சென்றார். வண்டி பார்ப்பதற்குப் பளபளவென்று இருந்தது. தேய்த்தால் அந்தப் பளபளப்புப் போய்விடுமே என்று எண்ணி, ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழுதிவிட்டேன். எழுத்து நன்றாகவே அமைந்தது. அன்று எழுதியது ஆவணி மாதம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை பிறந்தபோது உரிமையாளர் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினார். ‘ர்’ மேல் இருந்த புள்ளி முழுவதும் உதிர்ந்து, ‘கு’வின் ஓரங்கள் உரிந்து தொங்கின. மாமா பணம் வாங்காமல் மறுபடி எழுதிக் கொடுத்தார். என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: “மாப்ளே, நீ எழுத்தத்தான் பார்த்த, எழுத்துக்கு அடியில என்ன இருக்குன்னு பார்க்கல.”

அடியில் இருப்பது என்ன? முதலில் இரும்புத் தகடு. அதன்மேல் துருவைத் தடுக்கும் பிரைமர். பள்ளம் மேடுகளை நிரப்பும் பட்டி. பின்னர் சிவப்பு எனாமல் இரண்டு அல்லது மூன்று பூச்சு. அதற்கும் மேலே நம் எழுத்து. உலர்ந்த பூச்சு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 மைக்ரான் கனமே உடையது. நன்கு உலர்ந்த எனாமலின் மேற்பரப்பு கண்ணாடி போல வழவழப்பானது. அதன்மேல் புதிய வண்ணம் பிடித்துக்கொள்ள இடமில்லை. உப்புத்தாளால் தேய்க்கும்போது நுண்ணிய கீறல்கள் உண்டாகின்றன. இதனால் தொடும் பரப்பு மிகுகிறது. பழைய அழுக்கும் மெழுகும் நீங்குகின்றன. வண்ணம் அக்கீறல்களுக்குள் இறங்கி உலர்ந்து பிடிமானம் பெறுகிறது. நான் காப்பாற்ற நினைத்த பளபளப்பே என் எழுத்தைக் கைவிட்டது.

எழுத்தின் நான்கு பகைவர்கள்

முதற் பகை வெயில். ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் அமைந்த எங்கள் பகுதியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கிறது. அதன் புற ஊதாக் கதிர்கள் எனாமலின் பிசினை உடைக்கின்றன. வெள்ளை வண்ணத்தில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு இக்கதிரை உட்கொண்டு, ஈரமும் ஆக்சிஜனும் சேரும்போது வீரியமிக்க தனி உறுப்புக்களை உண்டாக்குகிறது. அவை சுற்றியுள்ள பிசினைச் சிதைக்க, வண்ணம் சுண்ணாம்புப் பொடி போல் கையில் ஒட்டுகிறது. டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் வகை இவ்வாறு விரைவில் பொடியாகும். ரூட்டைல் வகை நெடுநாள் தாங்கும். செவ்வண்ணங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. கரிம வகைச் சிவப்புக்கள் பல வெயிலில் வெளுக்கின்றன. இரும்பு ஆக்சைடோ அசைவதில்லை. கோயில் மதிலில் அடித்த காவிப்பட்டை வெயிலில் காய்ந்தும் நிறம் மாறாமல் நிற்பது இதனாலேயே. கறுப்புக் கரையில் உள்ள கரித்தூளும் அவ்வாறே நெடிது நிற்கும்.

இரண்டாம் பகை உப்பு. கடற்காற்று கொண்டுவரும் நுண்துளிகள் வண்டியின் மேல் உப்பாகப் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைக் கடந்தால் சாதாரண உப்பு தானே நீரை ஈர்த்துக் கரைகிறது. கடல் உப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு அதனினும் மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசிந்துவிடும். ஆகவே மழை பெய்யாத நாளிலும் கடலோர வண்டி நனைந்தே இருக்கிறது எனலாம். எழுத்தின் ஓரத்தில் சிறு வெடிப்பு இருந்தால் போதும். உப்பு நீர் உள்ளே புகுந்து இரும்பைத் துருவாக்கும். துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பதால் மேலே உள்ள வண்ணம் கொப்புளமாக எழும்பி வெடிக்கும்.

மூன்றாம் பகை, விரிதலும் சுருங்குதலும். விடியலில் 25 பாகையாக உள்ள தகடு நண்பகலில் 65 பாகையை எட்டுகிறது எனக் கொள்வோம். இந்த 40 பாகை வேறுபாட்டில் ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகு 0.48 மில்லிமீட்டர் விரியும். அதன்மேல் உள்ள வண்ணப்படலத்தின் விரிவெண் எஃகைப்போல் சுமார் ஐந்து மடங்கு என்றால், அது 2.4 மில்லிமீட்டர் விரிய முயலும். தகடு அதனை விடுவதில்லை. நாள்தோறும் நடக்கும் இந்த இழுபறியைத் தாங்குவது பிடிமானம் மட்டுமே. எண்ணெய் கலந்த எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றே உலர்கிறது. உலர்ந்த பின்னும் அவ்வினை மெல்ல மெல்லத் தொடர்வதால் ஆண்டுகள் செல்லச் செல்லப் படலம் நொறுங்குந்தன்மை பெறுகிறது. முதுமையில் எலும்பு நொறுங்குவது போல என்று சொல்லலாம்.

நான்காம் பகை, நாமே. வண்டி பளிச்சிட வேண்டுமென்று சலவைச் சோடாவைக் கரைத்துக் கழுவுவோர் உண்டு. எனாமலின் பிசின் ஆல்கைடு எனப்படும் ஓர் எஸ்டர் ஆகும். எஸ்டரும் காரமும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பது சோப்புச் செய்முறையைப் படித்த அனைவருக்கும் தெரியும். சோப்பு உண்டாகும்! அதாவது, எழுத்தைக் கழுவுகிறோம் என்று எண்ணிக்கொண்டு எழுத்தையே சோப்பாக்கிக் கரைத்து விடுகிறோம். வகுப்பில் இப்பாடம் நடந்த அன்று மாலை மாமாவிடம் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் இந்தச் சொல்லைப் படித்து வந்து சொன்ன முதல் ஆள் நான். அவரோ தூரிகையைக் கழுவிக்கொண்டே, “சோடா பட்டா எண்ணெய் செத்துப் போகும்டா, அது எனக்குத் தெரியாதா?” என்றார். நூலில் கற்பதைக் கையால் கற்றவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர் என்பதை அன்று உணர்ந்தேன்.

முதலில் உதிர்வது புள்ளி

என் எழுத்தில் ‘ர்’ மேலிருந்த புள்ளி மட்டும் ஏன் முழுவதும் போயிற்று என்ற வினா நெடுநாள் மனத்தில் இருந்தது. கணக்கிட்டுப் பார்த்தபோது விடை கிடைத்தது. வண்ணம் எப்போதும் ஓரத்திலிருந்தே உரியத் தொடங்கும். 6 மில்லிமீட்டர் ஆரமுடைய ஒரு புள்ளியையும், 25 மில்லிமீட்டர் அகலமுடைய ஒரு கோட்டையும் எடுத்துக்கொள்வோம். புள்ளியில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புக்கு 0.33 மில்லிமீட்டர் ஓரம் உள்ளது. கோட்டிலோ 0.08 மில்லிமீட்டரே. அதாவது, புள்ளிக்கு நான்கு மடங்குக்கு மேல் ஓரம் மிகுதி. எல்லா ஓரங்களிலும் 2 மில்லிமீட்டர் அளவு உரிந்தால், கோடு தன் பரப்பில் 16 விழுக்காட்டை இழக்கும்; புள்ளியோ 56 விழுக்காட்டை இழந்துவிடும்.

புள்ளிக்கும் எழுதுபொருளுக்கும் உள்ள பகை பழையது. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் கூறுகிறது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு துளைபட்டுக் கிழியும் என்பதால் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதினர். படிப்பவர் இடமறிந்து புள்ளியிட்டுக் கொண்டார். ‘தீயணைப்பு’ என்ற சொல்லில் புள்ளி உதிர்ந்தாலும் நாம் பொருளைப் புரிந்துகொள்வோம் என்பது உண்மையே. எனினும் நான் சொல்ல விரும்புவது வேறு. புள்ளி முதலில் உதிர்வதால், எழுத்தின் நலத்தை முதலில் அறிவிப்பதும் அதுவே. மருத்துவர் நாடி பார்ப்பதைப் போல வண்டியைக் காப்பவர் புள்ளியைப் பார்த்தால் போதும். புள்ளியின் ஓரம் நகத்தில் தட்டுப்படும் நாளே எழுத்து முழுவதையும் கவனிக்க வேண்டிய நாளாகும். அன்று செய்யும் சிறு வேலை, பின்னாளில் செய்யும் பெரு வேலையைத் தவிர்க்கும்.

காக்கும் முறைகள்

இதுவரை கண்டவற்றிலிருந்து சில எளிய விதிகளை வகுக்கலாம்.

1. உப்பில்லாத நல்ல நீரால் வண்டியை மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். கடற்கரைப் பணி முடிந்து திரும்பிய நாளில் இது கட்டாயம். உவர்ப்பான ஆழ்குழாய் நீரால் கழுவினால் உப்பின் மேல் உப்புப் படியும்.

2. காரமில்லாத மென்மையான சோப்புக் கரைசலும் பருத்தித் துணியும் போதும். சலவைச் சோடா, தேங்காய் நார், சாம்பல் ஆகியவை கூடா. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் அன்று மின்னும். ஆனால் அது படலத்தை மென்மையாக்கித் தூசியை ஈர்க்கும்.

3. கழுவியபின் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். எழுத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தித் தேய்த்தலாகாது.

4. நிழலில் நிறுத்த வேண்டும். கொட்டகை சிறிதாயின் எப்போதும் ஒரே பக்கம் மேற்கு வெயிலில் படாதவாறு வண்டியை மாற்றி மாற்றி நிறுத்தலாம்.

5. மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் சோதிக்க வேண்டும். கறுப்புத் துணியால் வெள்ளை எழுத்தைத் தேய்த்துப் பார்த்தால் பொடி ஒட்டுகிறதா என்பது தெரியும். புள்ளிகளின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தால் பிடிமானம் தெரியும்.

6. வார்னிஷ் பூசிய எழுத்தானால், அது வெடிக்கும் முன்பே இலேசாகத் தேய்த்துப் புது வார்னிஷ் பூச வேண்டும். வெடித்தபின் பூசினால் நீரை உள்ளே வைத்து மூடுவது போலாகும்.

7. பழுது பார்க்கும் முன் எழுத்தின் மேல் தாளை வைத்துத் தடம் எடுத்துக்கொள்ள வேண்டும். தடத்தின் ஓரமாக ஊசியால் துளையிட்டுக் கரித்தூளைத் தட்டினால் அதே வடிவம் மறுபடி கிடைக்கும். உரிந்த ஓரத்தை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, இரும்பு தெரிந்தால் பிரைமர் பூசி, பின்னரே எழுத வேண்டும். உரிந்ததன் மேலேயே பூசுவது புண்ணை மூடிக் கட்டுவதாகும்.

8. பழைய வண்ணத்தைத் தேய்க்கும்போது ஈரமாகத் தேய்த்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். பழைய மஞ்சள் வண்ணங்களில் ஈயக் குரோமேட்டு இருக்கலாம். வீட்டு உபயோக, அலங்கார வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்று 2016ஆம் ஆண்டு நம் நாட்டில் விதி செய்யப்பட்டது. அதற்கு முன் பூசப்பட்டவற்றில் எச்சரிக்கை தேவை.

ஸ்டிக்கரும் தூரிகையும்

இக்காலத்தில் கணினியில் வெட்டிய ஸ்டிக்கர் எழுத்து எங்கும் பரவிவிட்டது. அதனைக் குறை மட்டுமே கூறுதல் நேர்மையாகாது. அதில் ஒளி திருப்பும் வகை ஒன்று உண்டு. நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ பதிக்கப்பட்ட அத்தாள், எதிரே வரும் வண்டியின் விளக்கொளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. இருளில் எந்தத் தூரிகை எழுத்தும் அவ்வாறு ஒளிராது. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 2009ஆம் ஆண்டு விதிகள், வண்டியின் பின்புறத்தில் குறைந்தது பாதிப் பரப்பை இத்தகைய சாய்கோட்டுப் பட்டைகள் மூட வேண்டும் என்று கூறின. தீயணைப்போர் உயிரையும் காக்கும் பொருளை வேண்டாமென்று யார் சொல்வார்?

எனினும் ஸ்டிக்கரும் அழியாப் பொருளன்று. வினைலை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் மெல்ல வெளியேற, தாள் சுருங்கி ஓரங்கள் சுருளும். ஒரு புள்ளி உரிந்தால் அதனை மட்டும் பழுது பார்ப்பது அரிது. உரித்தெடுத்தால் அடியில் வெளுக்காத சிவப்பு, எழுத்தின் நிழல் போல நின்றுவிடும். தூரிகை எழுத்தையோ புள்ளி புள்ளியாகப் புதுப்பிக்கலாம். ஆகவே எச்சரிக்கைப் பட்டைகளுக்கு ஒளி திருப்பும் தாளும், வண்டியின் பெயருக்குத் தூரிகையும் என்று பகிர்ந்துகொள்வது அறிவுடைமை என்று கருதுகிறேன். அதனால் ஊர்தோறும் உள்ள எழுத்துக் கலைஞர்களுக்கும் வேலை கிடைக்கும். எங்கள் தெருவில் என் மாமாவிடம் இத்தொழிலைக் கற்க இன்று யாரும் வருவதில்லை. நானும் விடுமுறை நாளில் மட்டுமே தூரிகை பிடிக்கிறேன்.

முடிவுரை

தங்க ரேக்கானாலும் மஞ்சள் எனாமலானாலும் எழுத்தை நிலைக்கச் செய்வது விலையுயர்ந்த பொருள் அன்று. அடியில் செய்த நல்ல வேலையும், பின்னர் இடைவிடாது செய்யும் சிறு கவனிப்புமே அதனைக் காக்கின்றன. வெயிலையும் உப்பையும் நாம் தடுத்து நிறுத்த இயலாது. ஆனால் நல்ல நீர், மெல்லிய துணி, ஆண்டுக்கு இரு முறை ஒரு சோதனை ஆகியவை யார்க்கும் இயலும்.

அண்மையில் அந்தத் தண்ணீர் லாரியைத் தலத்தெருவில் கண்டேன். மாமா மறுபடி எழுதிக் கொடுத்த எழுத்து மூன்று மழைக்காலம் கண்டும் நின்றது. அருகில் சென்று ‘ர்’ மேலுள்ள புள்ளியை நகத்தால் தடவிப் பார்த்தேன். ஓரம் தட்டுப்படவில்லை. அடுத்த முறை தீயணைப்பு வண்டி ஒன்று நம் அருகில் நிற்கும்போது, நண்பர்களே, அதன் எழுத்தைப் படிப்பதோடு நில்லாமல் அதன் புள்ளிகளையும் சற்றுப் பாருங்கள். அவற்றைக் காத்து நிற்கும் கைகளை மனத்தால் வாழ்த்துங்கள்.